தெருவை நோக்கிய திண்ணை: காலிக்கோட்டை வீட்டு முகப்புப் பற்றிய ஒரு நோக்கு

காலிக்கோட்டை வீடுகள் பற்றிய எழுத்துக்களுட் பெரும்பாலானவை சுவர், தூண், ஓடு என்பவற்றை விவரிப்பதோடு அமைந்துவிடுகின்றன. அவ்வீட்டின் முகப்பு யாருக்காக அவ்வாறு அமைந்தது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. 1988இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பிற்காலத்தில் இங்குள்ள வீடுகள் பல கைமாறி, உணவகங்களாகவும் மதுக்கூடம் கொண்ட விடுதிகளாகவும் மாறியுள்ளமையால் அவ்வினா இன்று தவிர்க்கவொண்ணாதது.

போர்த்துக்கேயர் தொடங்கிய அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் தெருக்களை ஒழுங்குபட வகுத்தனர். அவற்றுள் ஒன்று சோனகச் சில்லறை வணிகரின் பெயரையே தாங்கியிருந்தது. ஆயினும் இவ்வீடுகளை நாம் 'ஒல்லாந்த வீடு' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டெழுந்த தடித்த சுவர், ஒடுங்கிய முகப்பு, பின்னோக்கி நீளும் மனை, நடுவே முற்றம், தெருவோரமாகத் தூண்கள் தாங்கும் தாழ்ந்த கூரை என்பன இவற்றின் பொதுவியல்புகள். இன்று காணப்படும் முகப்புகள் பலவற்றிற் பிரித்தானியர் காலத்து மாற்றங்களும் உண்டு. ஒரே காலத்தின் முத்திரையை இவற்றின்மேற் குத்துவது பொருந்தாது.

முகப்பைக் குறிக்கும் சொற்களே இதற்குச் சான்று. நாம் வழங்கும் 'விறாந்தை' போர்த்துக்கேய மொழி வழியாக வந்தது, சிங்களத்தில் வழங்கும் 'இஸ்தோப்புவ' ஒல்லாந்தச் சொல்லின் திரிபு, திண்ணையோ நம்முடையது. மூன்று சொற்களும் ஏறத்தாழ ஓரிடத்தையே சுட்டுகின்றன: வீட்டுக்கு உரியதாயினும் தெருவுக்கு மறுக்கப்படாத இடம்.

இங்கிலாந்தின் 'பப்' என்பதும் பெயரளவில் பொதுமக்களுக்குத் திறந்த வீடே. ஆனால் விக்டோரியா காலத்து மதுச்சாலை முகப்பு, பூவேலை செய்த மங்கற் கண்ணாடியால் உள்ளிருப்போரைத் தெருவின் கண்ணிலிருந்து மறைத்தது. காலி விறாந்தை இதற்கு நேர்மாறானது. அமர்ந்திருப்பவரைத் தெரு காண்கிறது. அவரும் தெருவைக் காண்கிறார். இவ்விடத்தில் உணவுமேசை இடப்படும்போது தூண் அப்படியே நிற்கிறது, கூரையும் நிற்கிறது. விலை கொடாதவர் அமரும் உரிமை மட்டும் போய்விடுகிறது. மது பற்றிய சமய நோக்கை இங்கு நான் வாதமாகக் கொள்ளவில்லை. தேநீர் விற்றாலும் இழப்பு இதுவே.

வரிப்பத்தான்சேனை போன்ற கிழக்கிலங்கை ஊர்களிலிருந்து செல்வோருக்கு இம்முகப்பு சற்றே வியப்பளிக்கக்கூடும். நம் மரபில் வீடு வளவுக்குள் ஒதுங்கியது. வேலியும் கடப்பும் கடந்தே திண்ணையை அடைதல் வேண்டும். தாய்வழியாக மகளுக்குச் சேரும் வீடாகையால் அகத்தின் மறைவு இங்கு முதன்மை பெற்றது எனவும் கருத இடமுண்டு. காலியிலோ வேலிக்கு இடமில்லை. வேலி செய்யும் பணியை விறாந்தையே செய்தது. வந்தவரை மறுக்காமலே அவரை அகத்தினின்றும் விலக்கி வைத்தது. இந்நுட்பத்தை உணராது 'அழகிய முகப்பு' என மட்டும் பாராட்டுவது மேலோட்டமான திறனாய்வாகும்.

புதுப்பித்தற் பணிகளிற் படியின் உயரமும் தூண்களின் இடைவெளியும் கவனமாக அளக்கப்படுகின்றன. அவ்வளவைகளோடு, எந்நேரத்தில் யார் அங்கு அமர்ந்தனர், பெண்கள் எவ்வழியாக அயல்வீடு சென்றனர், எக்கதவு எப்போது சாத்தப்பட்டது என்பனவும் பதிவாதல் வேண்டும். இவற்றைச் சொல்லக்கூடிய முஸ்லிம் குடும்பங்கள் இன்னும் கோட்டைக்குள் வாழ்கின்றன. அவர்களின் மொழி தமிழாகையால் இப்பணியை முதலில் ஏற்கவேண்டியோர் நம் தமிழ்த்துறை மாணவரே.