துயரை மறைக்காத நம்பிக்கை

துன்பம் வந்த காலத்தில் மனம் தளரலாகாது என்பது தமிழருக்குப் புதிய பாடமன்று. 'இடுக்கண் அழியாமை' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். ஆயின், தளராதே என்று சொல்வது எளிது. தளர்ந்தவனைத் தூக்கி நிறுத்தும் இலக்கியம் செய்வது அரிது. அவ்வரிய பணியில் தமிழ்க் கிறிஸ்தவப் புலவர்கள் எவ்வளவு வெற்றி கண்டனர் என்பதை இரு நூல்களைக் கொண்டு ஆராயலாம். ஒன்று எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894); மற்றொன்று மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' (1878).

ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கதையைத் தழுவியது இரட்சணிய யாத்திரிகம். அழிவின் நகரத்தை விட்டு முத்தி நகரை நாடி நடக்கும் ஒரு வழிப்போக்கனின் கதை அது. பனியன் தம் சமய நெறியின் பொருட்டு 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையில் கிடந்தவர். ஆகவே அவர் காட்டும் சிறை வெறும் உருவகமன்று. ஐயக் கோட்டையில் நிராசை என்னும் அரக்கன் பயணியையும் அவன் துணைவனையும் இருட்டறையில் அடைத்து, தடியால் புடைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும்படி தூண்டுகிறான். பயணி அதற்கும் இசைந்துவிடும் நிலைக்கு வருகிறான். அவனைத் தடுப்பவன் துணைவனே. அவன் பெயர் நம்பிக்கை. அவன் இனிய சொல் கூறி ஏய்க்கவில்லை. இருவரும் இதுகாறும் கடந்து வந்த இடர்களை நினைவூட்டுகிறான். இரவெல்லாம் வேண்டுதல் செய்த பின், விடியும் வேளையில், பயணி தன் மார்பிலேயே வைத்திருந்த வாக்குத்தத்தம் என்னும் சாவியை உணர்கிறான். பட்டதை மறக்கச் சொல்லாமல், எண்ணிப் பார்க்கச் சொல்வதே அங்கு நம்பிக்கை செய்யும் தொழில்.

கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் கிறிஸ்தவரானவர். மூலக்கதையை அவர் வெறுமனே பெயர்க்கவில்லை. ஐந்து பருவங்களாக, 3,766 பாடல்கள் கொண்ட காப்பியமாக விரித்தார். அவர் செய்த மாற்றங்களில் தலையாயது ஒன்றுண்டு. பனியன் கதையில் சிலுவையைக் கண்டதும் பயணியின் முதுகுச் சுமை கழன்று உருண்டுவிடுகிறது. சில வரிகளில் அது முடிகிறது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளையே விரித்துப் பாடுகிறார். காடேகிய இராமனுக்காகக் கண்ணீர் விட்டுப் பழகியவர் தமிழர். துன்புற்ற திருமுகத்தைக் காட்டாமல் கொள்கையை மட்டும் உரைத்தால் அவர் நெஞ்சு உருகாது என்பதைப் புலவர் அறிந்திருந்தார். 'தேவாரம்' என்று பெயரிட்ட பாடல்களை இடையிடையே அமைத்ததும் இதன் பொருட்டே எனலாம்.

நூலில் குறைகளும் உண்டு. குணங்களெல்லாம் மாந்தராகி நின்று நெடிது உரையாடும் இடங்களில் கதை தேங்குகிறது. வடசொற் செறிவு இக்கால மாணாக்கரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டமும் அவருக்கு நன்மையே செய்தது என்பதற்கில்லை. பட்டத்தைச் சொல்வோர் பலர், பாட்டைப் படிப்போர் சிலர். இவை யாவினும் பெரிதான வினா வேறொன்று. பயணி நகரை விட்டுப் புறப்பட்டுவிட்டான். நகரில் பசித்துக் கிடப்போர்க்கு நம்பிக்கை யாது?

இவ்வினாவுக்கு விடையாக நிற்பவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். 1876–78 காலத்துத் தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். 'நந்தன் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வள்ளன்மையைப் போற்றிப் பாடியதை இசையுலகம் அறியும். வேதநாயகர் அப்பஞ்சத்தைப் பற்றிக் கடவுளிடம் நேரே முறையிட்டார். எல்லாம் நன்மைக்கே என்று அவர் மழுப்பவில்லை. பஞ்சத்தைப் பஞ்சம் என்றே சொல்லி அழுதார். மேலும், கிறிஸ்தவரான அவர், எச்சமயத்தாரும் உடன் நின்று பாடத்தக்க மொழியில் பாடினார். காப்பிய மாண்பு அக்கீர்த்தனைகளுக்கு இல்லை. ஆயினும் அவற்றின் எளிமை கஞ்சி வார்த்த கையின் எளிமை.

மலேசியத் தமிழருக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. வறுமை துரத்திக் கடல் கடந்தவர் வழிவந்தோர் இங்குப் பலர். இருப்புப்பாதைத் தொழிலாளர் குடியேறிய பிரிக்பீல்ட்சில் 1924-இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயமும், கிள்ளானில் 1928-இல் எழுந்த லூர்து மாதா ஆலயமும் அவர்கள் கண்ணீரையும் வேண்டுதலையும் கேட்டவை. 1942–43-இல் சயாம் மரண இரயில்பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர் கொண்டுபோகப்பட்டனர், திரும்பாதோர் எண்ணற்றோர். அவ்வாறு ஆளை இழந்த வீட்டில் போய், 'எல்லாம் சரியாகிவிடும்' என்பவன் நம்பிக்கையைத் தருபவனல்லன், துயரை அவமதிப்பவன். உடனிருந்து அழுது, பின் நினைவூட்டுபவனே நம்பிக்கை என்னும் பெயருக்கு உரியவன்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தபோது, சோற்றுப் பொட்டலம் நீட்டிய கை எச்சமயத்தது என்று பசித்தவர் எவரும் கேட்டிலர். வேதநாயகர் பாட்டின் பொருள் அதுவே. அன்றிரவு மாடியில் இருளில் அமர்ந்து விடியலை எதிர்நோக்கியவருக்கு ஐயக் கோட்டையின் பொருளும் விளங்கியிருக்கும்.

ஆகவே இவ்விரு நூல்களையும் ஒருங்கே வைத்துப் பயிலல் வேண்டும். யாத்திரிகத்தை மட்டும் படித்தால் நம்பிக்கை தன்னுயிர் காக்கும் தனிவழியாகச் சுருங்கக்கூடும். கீர்த்தனையை மட்டும் பாடினால் முறையீட்டிலேயே நின்றுவிடக்கூடும். ஆசிரியர்கள் இவற்றைச் சமய நூல் என்று ஒதுக்காமல், குமார பருவத்தில் சில பாடல்களையும் பஞ்சக் கீர்த்தனைகளில் ஒன்றிரண்டையும் மாணாக்கர்க்கு எடுத்துரைக்கலாம். எச்சமயத்துப் பிள்ளைக்கும் அதனால் இழப்பில்லை. துயரைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்ற பிள்ளையே அதனைக் கடக்கவும் கற்கும்.