நிக்கான் டி40: மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

2006 கடைசியில் வந்த கேமரா. ஆறு மெகாபிக்சல் சிசிடி சென்சார். லைவ் வியூ கிடையாது. இன்றைக்கு நிக்கான் டி40-ஐ செகண்ட்ஹேண்டில் தேடி வாங்குகிறவர்கள் அதன் நிறத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். அந்த நிறம் கிடைக்க வேண்டுமானால் எக்ஸ்போஷர் சரியாக விழ வேண்டும். அதைச் சோதிக்க உடுமலையிலிருந்து சின்னார், மறையூர் வழியாக மூணாறு ஏறும் சாலை அருமையான இடம். மழை மறைவுப் பகுதியான சின்னாரில் வெயில் கண்ணைக் கூசும்; அதே நாளில் ராஜமலை ஏறினால் மூடுபனிக்குள் நிற்போம்.

டி40-ன் மேட்ரிக்ஸ் மீட்டர், ஃபோகஸ் புள்ளி விழும் இடத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது. சின்னாரில் நிழலில் நிற்கும் காட்டெருமையின் கறுத்த விலாவில் புள்ளியை வையுங்கள். மீட்டர் அந்தக் கறுப்பைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எருமை வெளிறிவிடும், பின்னால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும், வெயில் படும் வெள்ளைக் கால்களில் ஒரு மயிர்கூடத் தெரியாது. இப்படி முழுசாக வெளுத்துப்போனது ரா ஃபைலிலும் திரும்பி வராது. நிழலில் அமுங்கியதை ஓரளவு மீட்டுவிடலாம். அதனால் வெயிலில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 0.7 வைத்துவிடுவேன். ஷட்டர் பட்டன் பக்கத்திலேயே பிளஸ்-மைனஸ் பட்டன் இருக்கிறது. அழுத்தியபடி டயலைத் திருப்பினால் போதும். விரலுக்குப் பழகிவிட்டால் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவில் கணக்கு தலைகீழ். பனி மூடிய புல்வெளியை மீட்டர் அழுக்குச் சாம்பலாக எடுக்கும், பிளஸ் 0.7, சில நேரம் பிளஸ் 1 வேண்டும். ஆனால் வளர்ந்த ஆண் வரையாடு கரும்பழுப்பு. புள்ளி அதன்மேல் விழுந்தால் மீட்டரே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நாமும் கூட்டினால் பனி எரிந்துபோகும். அங்கே பூஜ்யத்தில் விடுவதே நல்லது.

இரண்டரை அங்குலத் திரையை நம்பாதீர்கள். பனியில் எல்லாப் படமும் அதில் பிரகாசமாகத் தெரியும், வெயிலில் எல்லாமே இருட்டு. பிளேபேக்கில் மேல்-கீழ் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் வெளுத்த இடங்கள் மினுக்கிக் காட்டும், ஹிஸ்டோகிராமும் வரும். எனக்கு அந்த மினுக்கல்தான் தீர்ப்பு.

பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளத்தில், தேக்கு இலைகளுக்கிடையே புள்ளி புள்ளியாக வெயில் விழும். அங்கே சென்டர் வெயிட்டட் மீட்டரிங்குக்கு மாற்றி, ஏஇ லாக் போடுவது நல்லது. மீட்டரிங் மாற்ற ஒவ்வொரு முறையும் திரைக்குள் போக வேண்டியிருப்பதும், ஆட்டோ பிராக்கெட்டிங் இல்லாததும் உண்மையான குறைகள். இருந்தும், நின்று நிதானமாக எடுப்பவருக்கு இதைத் தைரியமாகச் சொல்வேன்.

வாங்கும் முன் ஒரு சோதனை. உச்சி வெயிலில், மறையூர் முனியறைகளில் (பழங்காலக் கல்திட்டைகளில்) இருப்பது மாதிரியான வெயில் பட்ட சாம்பல் பாறையை, மேனுவலில் ஐஎஸ்ஓ 200, எஃப்/16, 1/200 வைத்து எடுங்கள். பாறை பாறையாகவே வர வேண்டும். அடுத்து எஃப்/5.6, 1/1600. இரண்டு படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். எஃப்/16 படம் மட்டும் வெளுத்திருந்தால் மீட்டர்மேல் பழி இல்லை. பழைய லென்ஸின் அப்பர்ச்சர் இதழ்கள் எண்ணெய் கசிந்து ஒட்டி, நேரத்துக்கு மூடவில்லை என்று அர்த்தம். பாடியை வாங்குங்கள், அந்த லென்ஸை விட்டுவிடுங்கள்.