தாயிடம் பயிற்சி, பள்ளியிடம் முடிவு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தறியில் நிற்கிற நேரமும் பீடி சுற்றுகிற நேரமும் ஒரு தாய்க்குக் கூலி. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே தினமும் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லும்போது, அந்தக் கூலியிலிருந்துதான் நேரத்தைக் கேட்கிறோம். சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் கல்வியில் குடும்பத்தைச் சேர்ப்பதாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் இந்தக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு எடைபோட முடியாது.

சங்கரன்கோவில் இருக்கும் இதே தென்காசி மாவட்டத்தில் குடும்பத்தைச் சேர்ப்பதற்கு வலுவான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் ஆரம்பநிலைப் பயிற்சித் திட்டத்தில் மறுவாழ்வுப் பணியாளர் வீடு தேடிப் போகிறார். சிகிச்சையாளர்கள் வகுத்த பயிற்சியைப் பெற்றோருக்குக் கற்றுத் தருகிறார். குழந்தையின் முன்னேற்றம் கைபேசிச் செயலியில் பதிவாகிறது.

இந்த வழி சரியானது என்பதே என் கருத்து. பேருந்து பிடித்து நகரத்துக்குப் போய் எப்போதாவது அரை மணி நேரம் பெறும் சிகிச்சையால் ஆகாதது, சோறு ஊட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் நாள்தோறும் நடக்கும் பயிற்சியால் ஆகும். இத்திட்டத்தில் பிள்ளையின் வளர்ச்சியோடு பராமரிப்பவரின் மனச்சுமையையும் அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அம்மாவின் களைப்பைப் பதிவு செய்ய வேண்டிய தகவலாகக் கருதுகிற திட்டங்கள் அபூர்வம்.

பிள்ளை பள்ளிக்குப் போனதும்தான் சிக்கல் தொடங்குகிறது. பெற்றோருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. 2012-ல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் அப்பிரிவில் சேர்த்தது. ஆனால் நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அப்படிப்பட்டவர் இரண்டு பேர் என்றால், விகிதாசாரம் அந்தப் பெற்றோருக்கு ஒரு நாற்காலியைக்கூட உறுதி செய்யாது.

அதே திருத்தம், கடும் குறைபாடு உள்ள குழந்தைகள் இல்லம் சார்ந்த கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் சொல்கிறது. தேர்ந்துகொள்ளும் உரிமை குழந்தையின் பக்கம் இருக்கிறது, பள்ளியின் பக்கம் அல்ல. சாய்தளமும் உதவியாளரும் இல்லாத பள்ளியைப் பார்த்துவிட்டு ஒரு தாய் 'வீட்டிலேயே இருக்கட்டும்' என்றால், அதை விருப்பம் என்று பதிவேட்டில் எழுதுவது நியாயமாகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒருங்கிணைந்த கல்விக்கான பள்ளியின் கடமைகளை விரிவாகச் சொல்கிறது. ஆனால் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்துதான் வகுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அமெரிக்கா 1975-லேயே அதைச் சட்டமாக்கியது. உடன்படாத பெற்றோர் முறையிட்டு விசாரணை கேட்கவும் வழி வைத்தது. அங்கே வசதியும் படிப்பும் உள்ள பெற்றோரே அந்த வழியை அதிகம் பயன்படுத்த முடிகிறது என்ற குறை உண்மை. அதற்காக உரிமையே வேண்டாம் என்று ஆகிவிடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆரம்பப் பருவத்தில் குடும்பத்தை நடுவில் வைக்கும் ஆய்க்குடி வழி வெற்றி. அரசுப் பள்ளி அமைப்பு குடும்பத்திடமிருந்து உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகாரத்தைப் பகிராமல் விட்டது தோல்வி. பெற்றோர் கையெழுத்திடாத தனிக் கல்வித் திட்டம் செல்லாது என்று அரசு ஆணையிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சிறப்புப் பயிற்றுநர் அதை வாசித்து விளக்க வேண்டும். பெற்றோருக்கான வட்டார வள மையக் கூட்டங்களைத் தறிக்கூலி போகாத நேரத்தில் வைத்து, தகப்பனையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தரும் அரசு, பயிற்சிக்காக வேலையை விட்ட தாயின் இழப்பைத் தனியாகக் கணக்கிட்டு ஈடு செய்ய வேண்டும்.