டிஸ்கோ எலிசியம்: பகடைக்கு முந்தைய ஆட்டம்

எஸ்தோனியாவில் தோன்றிய ஸா/யூஎம் என்னும் கலைக்குழு 2019 அக்டோபரில் வெளியிட்ட 'டிஸ்கோ எலிசியம்', பெரிய வெளியீட்டு நிறுவனங்களைச் சாராமல் உருவாகும் 'இண்டி' விளையாட்டுகளின் வரிசையைச் சேர்ந்தது. அவ்வாண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ஆர்.பி.ஜி., அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் திறன்களை வளர்த்தபடியே ஆடும் விளையாட்டு, என்ற விருது உட்பட நான்கு விருதுகளை அது வென்றது. நினைவு முற்றிலும் அழிந்த நிலையில் விடுதி அறையொன்றில் கண்விழிக்கும் காவல் துப்பறிவாளர், அதே விடுதியின் பின்புறத்து மரத்தில் தொங்கும் மனிதனின் மரணத்தை விசாரிக்க வேண்டும். சண்டைக்கென்று தனி அமைப்பு ஏதுமில்லாத இவ்விளையாட்டில் முக்கியமான முயற்சிகள் அனைத்தையும் பகடையே தீர்மானிப்பதால், இதை அதிர்ஷ்டத்தின் ஆட்டமாகக் கருதுவோர் உண்டு. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரரைத் தேராதவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது பகடை உருளும் முன் அவர் எங்கெங்கு நடந்தார், யாரிடம் எந்த வரிசையில் பேசினார் என்பதே.

கணக்கு எளிமையானது. இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு, தொடர்புடைய திறனின் அளவையும் சூழலால் கிடைக்கும் கூட்டல் கழித்தல்களையும் சேர்த்துவரும் எண், குறித்த கடின அளவை எட்டினால் முயற்சி வெல்லும். இரண்டும் ஆறாக விழுந்தால் எப்போதும் வெற்றி, இரண்டும் ஒன்றாக விழுந்தால் எப்போதும் தோல்வி. பகடையில் 8 தேவைப்படும்போது வெற்றி வாய்ப்பு 42 விழுக்காடு. ஒரே ஒரு புள்ளி கூடி 7 போதும் என்றாகிவிட்டால் அது 58 ஆக உயர்கிறது. 12 தேவைப்படும் இடத்தில் அதே ஒரு புள்ளி 3 விழுக்காட்டை 8 ஆக மட்டுமே உயர்த்தும். எனவே நடுத்தர வாய்ப்புள்ள முயற்சிகளுக்குப் புள்ளி தேடி அலைவதே அதிகப் பலன் தரும். அந்தப் புள்ளியோ மேசை இழுப்பறையில் கிடக்கும் காகிதத்திலோ, அணிந்து பார்க்கும் பழைய சட்டையிலோ, தொடர்பில்லாதவர்போல் தோன்றும் ஒருவர் சொல்லும் செய்தியிலோ ஒளிந்திருக்கிறது. மார்ட்டினேஸ் என்னும் அந்தத் துறைமுகப் பகுதியைச் சுற்றிவருவது, இந்த வகையில், வெற்றி வாய்ப்பை நேரடியாக மாற்றும் பயிற்சியாகிவிடுகிறது.

முயற்சிகள் இரு வகைப்படும். வெள்ளைச் சோதனையில் தோற்றவர், அத்திறனை ஒரு புள்ளி உயர்த்தியோ புதிய செய்தி அறிந்தோ மீண்டும் முயலலாம். சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்புதான். ஆகவே 100 அனுபவப் புள்ளிகளுக்கு ஒன்றாகக் கிடைக்கும் திறன்புள்ளியை உடனே செலவிட்டுவிடாமல், அடைபட்ட வெள்ளைக் கதவுக்காகக் கையிருப்பில் வைத்திருப்பது நல்ல உத்தி. கிரிக்கெட்டில் ஆடுகளத்தின் போக்கு புரியும்வரை பந்துகளை விட்டு ஆடும் தொடக்க ஆட்டக்காரரின் பொறுமை இதற்குத் தேவைப்படுகிறது. துறைமுக வாயிலை மறித்து நிற்கும் மெஷர்ஹெட் என்னும் பெருவுருவனைக் கடக்கும் இடம் இதற்கு நல்ல சான்று. அவனை உடல்வலிமையால் வீழ்த்தலாம், அவனுடைய இனவாதக் கோட்பாட்டைக் கேட்டு உள்வாங்கிக்கொண்டு வழி பெறலாம், அல்லது கூரையிலிருந்து தாவி வாயிலையே தவிர்த்துவிடலாம். மூன்றும் ஒரே உள்முற்றத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், அங்கே போய்ச் சேர்பவர் ஒரே மனிதராக இருப்பதில்லை. இரண்டாம் வழியில் வந்தவர் தம் மனத்தில் அருவருப்பான ஒரு கருத்துக்கு இடம் கொடுத்தவராகவே வந்து நிற்கிறார். அறச்சுமையையும் ஆட்டக்கணக்கையும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய விளையாட்டுகள் மிகச் சில.

காலத்தைக் கையாளும் முறையும் கவனத்துக்குரியது. நடக்கும்போது கடிகாரம் நகர்வதில்லை. உரையாடலும் வாசிப்புமே நேரத்தைத் தின்னும். திங்கட்கிழமை தொடங்கும் விசாரணையில் புதன்கிழமை மதகு பழுதுபார்க்கப்பட்ட பிறகே கடலோரத்துக்கு வழி திறப்பதால், முதல் இரு நாட்களும் ஒரு சிறிய சதுக்கத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முழுமையாக அறிவதற்கானவை. விடுதிக்குச் செலுத்த வேண்டிய பணத்துக்காக வெற்றுப் பாட்டில்களைப் பொறுக்கித் திரியும் நிலைகூட, அவசரக்காரரின் கண்ணில் படாத சந்துகளுக்குள் ஆட்டக்காரரைக் கொண்டுசெல்கிறது. இது வடிவமைப்பாளரின் நுட்பம் என்றே கொள்ள வேண்டும்.

பகடை உருளும் முன் ஆட்டத்தைச் சேமித்துவைத்து, தோற்றால் அந்த இடத்துக்கே திரும்பிச்சென்று மீண்டும் உருட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அது விதிமீறல் ஆகாது என்றாலும் ஆட்டத்தின் தரத்தைக் குறைக்கும் பழக்கம். ஏனெனில் எழுத்தாளர் ராபர்ட் கர்விட்ஸ் தலைமையிலான குழு, தோல்விக்கான காட்சிகளை வெற்றிக்கானவற்றுக்கு இணையான அக்கறையோடு எழுதியிருக்கிறது. தொடக்க அறையில் மின்விசிறியில் தொங்கும் கழுத்துப்பட்டையை எட்டிப் பிடிக்க முயன்று தோற்று, உடல்வலு மிகக் குறைவாக இருந்தால் அங்கேயே மாரடைப்பில் மாண்டுபோவதும் நிகழலாம் என்ற கடுமையை ஏற்பவரே, தம் பாத்திரத்தின் பலவீனம் எது என்பதை முதல் நிமிடங்களிலேயே கற்றுக்கொள்கிறார். கூடவே வரும் துப்பறிவாளர் கிம் கிட்சுராகியின் மதிப்பீடும் திரைக்குப் பின்னால் கணக்கிடப்பட்டு வருவதால், அவர் முன்னிலையில் தடுமாறி எழுவதற்கும் தனி மதிப்புண்டு.

குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை விரிந்த சுதந்திரம் கதையின் இறுதிப் பகுதியில் சுருங்கிவிடுகிறது. கதையில் குறுக்கிடும் கூலிப்படையினருடனான மோதலுக்குப் பிறகு விசாரணை ஒரே திசையில் ஓடத் தொடங்கி, ஒரு தீவுக்குப் படகேறியதும் மார்ட்டினேஸின் தெருக்களுக்குத் திரும்பவே முடியாமல் போகிறது. அதுவரை சேர்த்த செய்திகளுக்கு அங்கே பயன் உண்டு என்றாலும், புதிதாக அலைந்து வாய்ப்பை மாற்றிக்கொள்ள இடமில்லை என்பது தேடலையே உயிராகக் கொண்ட விளையாட்டுக்குப் பெரிய இழப்புதான்.