சாரீரத்துக்குச் செய்யும் காரியம்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையோரத்தில், கீற்றுக் கொட்டகைகளின் நிழலில் கருங்கல்லைப் பொளிந்து தெய்வ ரூபங்களாக்கும் சிற்பிகளின் பட்டறைகளிலே, உளிச் சத்தத்தோடு வானொலிப் பெட்டியின் சத்தமும் நெடுங்காலம் கலந்தே ஒலித்து வந்தது. அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில், கல் தூசி படிந்து நிறம் இன்னதென்றே சொல்ல முடியாமற்போன ஒரு டிரான்ஸிஸ்டர் தோலுறையோடு ஆணியில் தொங்குவதைக் கண்டு, அதன் சொந்தக்காரரான முதிய சிற்பியிடம் தென்கச்சி கோ. சுவாமிநாதனைப் பற்றிப் பேச்செடுத்தேன். நல்ல மனிதர் என்றோ, அழகாகப் பேசுவார் என்றோ அவர் சொல்லவில்லை. உளியைக் கீழே வைத்தார். குரலின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் துடைத்தெடுத்தாற்போலச் சமன் செய்துகொண்டார். குரு ஒருவரும் சீடன் ஒருவனும் வருகிற ஒரு கதையை ஆரம்பித்து, சிரிப்பு வரவேண்டிய இடத்தில் தாம் சிரிக்காமலே நிறுத்திவிட்டு, மறுபடி உளியைக் கையில் எடுத்தார். அவர் மகன் சிரித்தான். சற்று நேரம் கழித்துக் கிழவர் சொன்னார்: “அவரு எப்ப செத்தாருன்னு எனக்குத் தெரியாது சார். காலையில வராம போனாரு இல்ல, அது தெரியும்.”

வானொலிக் கலைஞர்களுக்காக அவர்களுடைய அபிமானிகள் துக்கம் காக்கும் விதத்தை ஆராயப் புகுகிறவனுக்கு இந்த வாக்கியத்தைவிட நல்ல வழித்துணை கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. அரியலூர்ப் பக்கத்துத் தென்கச்சிப் பெருமாள்நத்தத்தில் பிறந்து, கோவையில் வேளாண்மை படித்து, திருநெல்வேலி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளில் பழகிய பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்த சுவாமிநாதன், 1988-இல் தொடங்கிய ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியைச் சுமார் 14 ஆண்டுகள் நடத்தி, 2002-இல் பணி ஓய்வு பெற்று, 2009 செப்டம்பர் 16-ஆம் தேதி சென்னையில் காலமானார். பத்திரிகைகள் அஞ்சலி செலுத்தியது அந்தச் செப்டம்பரில்தான். ஆனால் பல்லாயிரம் வீடுகளில் அவருக்கான துக்கம் ஏழு வருஷம் முன்னதாகவே, பல் துலக்கும் நேரத்துக்கும் பஸ் பிடிக்கும் நேரத்துக்கும் இடையில் இருந்த ஒரு சிறு பொழுது திடீரென்று வெறுமையாகிப் போனபோதே, தொடங்கிவிட்டது. சினிமா நடிகர் மறைந்தால் ஒரு முகம் போகிறது; சங்கீத வித்துவான் மறைந்தால் ஒரு கச்சேரி போகிறது; வானொலிக்காரர் மறைந்தாலோ ஒரு வேளை போகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அநேகமாக இவ்வளவுதான்.

நம் பக்கத்துச் சாவுச் சடங்குகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. சம்பந்தி வீட்டார் கோடி கொண்டு வருவார்கள். பங்காளிகள் தீட்டுக் காப்பார்கள். தெருக்காரர்கள் பாடைக்கு மூங்கில் வெட்டுவார்கள். ஒன்றுமில்லாதவன்கூட மேளத்தின் பின்னால் நாலடி நடந்துவிட்டு வந்து தலை முழுகுவான். வானொலி நேயனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சரீரத்தைக் காணாமல் சாரீரத்தை மட்டுமே அறிந்தவன் அவன். காலமானவரின் புகைப்படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போது, அநேகமாக அவன் பார்க்கும் முதல் படமும் அதுவாகவே இருந்துவிடுகிறது. இவரா அவர் என்று அவன் திகைத்து நிற்கிறான். அந்தத் திகைப்பில் துக்கத்தோடு லேசான ஏமாற்றமும் கலந்திருப்பதைப் பலர் என்னிடம் சற்றுக் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கரையில் வானொலி அபிமானம் வேரோடியதற்குப் பூகோளமும் ஒரு காரணம். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமாகையால், மத்திய அலைகள் வறண்ட நிலத்தின்மேல் போவதைக் காட்டிலும் கடலின்மேல் வெகு தூரம் வலுக் குன்றாமல் போகும். பொழுது சாய்ந்தபின் மேல் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். மாமல்லபுரத்துக்கும் கொழும்புக்கும் இடையே அறுநூறு கிலோமீட்டருக்கு மேலிருந்தும், வழியில் பாதியளவு கடலாகவே இருந்தபடியால், கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம் முதலிய குப்பங்களில் இரவு வேளையில் ‘சிலோன் ஸ்டேஷன்’ அடுத்த தெருவில் பேசுவதுபோலக் கேட்டது என்பார்கள். பாலிதீன் பையில் சுற்றிய பெட்டியைக் கட்டுமரத்திலேயே கொண்டுபோனவர்களும் உண்டு. புயல் எச்சரிக்கைக்குச் சென்னை, பாட்டுக்குச் சிலோன் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட பிரிவினை.

அந்தப் பிரிவினைக்கு அரசாங்கமும் உதவி புரிந்தது. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கள் ஜனங்களின் ரசனையைக் கெடுத்துவிடுமென்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாதபடி செய்தார். 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவிதபாரதி பிறப்பதற்குள், இந்தியக் காதுகள் கொழும்பின் வர்த்தக ஒலிபரப்புக்குப் பழகிவிட்டிருந்தன. ஒரு தேசத்தின் அமைச்சர் அண்டை நாட்டு அறிவிப்பாளர்களுக்கு இவ்வளவு பெரிய நேயர் கூட்டத்தைத் தானம் செய்தது சரித்திரத்தில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. ஹிந்தியில் அமீன் சயானி இந்தத் தானத்தின் பெரும்பங்கைப் பெற்றார். 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, வட இந்தியாவின் முதியவர்கள் ‘பினாகா கீத்மாலா’ ஒலித்த புதன்கிழமை இரவுகளைப் பற்றியே பேசினார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அங்கேயும் போனது ஒரு வேளைதான். தமிழில் அந்தப் பாக்கியம் மயில்வாகனனில் தொடங்கி, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது.

பாட்டுக்காக வந்த ஜனங்கள் அறிவிப்பாளருக்காக ஏன் தங்கினார்கள் என்பதற்கு நான் கண்ட விடை ‘நேயர் விருப்பம்’. மூன்று நிமிஷப் பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படும் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் இப்போது கேட்பவர்களுக்கு அலுப்புத் தட்டலாம். ஆனால் அச்சிறுபாக்கத்திலோ செய்யூரிலோ ஒரு பள்ளி மாணவன் அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து தன் பெயரை ஒரு பிரசித்தமான வாய் உச்சரிக்கக் கேட்டானானால், அவனுக்கும் அந்த வாய்க்கும் ஏற்பட்டுவிடும் பந்தம் லேசானதல்ல. கல்பாக்கத்துக்கு அருகில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், தம் பெயரை ராஜா ஒரே மூச்சில் மற்றப் பதினைந்து பெயர்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டதை இன்றும் குறையாகவே சொல்கிறார். “என் பேர சரியா முழுசா கூட சொல்லல. அவ்ளோ ஸ்பீடு” என்கிறார், சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடுகிறது.

கே.எஸ். ராஜாவின் முடிவு இந்தத் துறையிலேயே மிகவும் கசப்பான அத்தியாயம். சினிமா விளம்பரத்தையும் ஒரு வேகமான நாடகம்போல நடத்திக் காட்டிய அந்த மனிதர், இலங்கையின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1994-இல், கொழும்பில் கொலையுண்டார். அவருக்காகத் துக்கப்பட்ட தமிழ்நாட்டு நேயர்களுக்கு அது அரசியல் துக்கமா, கலைஞனுக்கான துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைச் செய்தி எதையுமே அப்படிப் பிரித்துக் கேட்க முடியாமற் போயிருந்தது. குதூகலத்தை மட்டுமே கொண்டுவந்து கொண்டிருந்த ஒரு திசையிலிருந்து ரத்தச் செய்திகள் வரத் தொடங்கியதும், அந்தக் குதூகலத்தின் குரலே அச்செய்திகளில் ஒன்றாகிப் போனதும், அந்தத் தலைமுறை நேயர்களின் நினைவில் இன்றும் ஆறாத இடங்கள்.

துக்கம் அவசரப்பட்டு வருவதும் உண்டு. அப்துல் ஹமீத் கொல்லப்பட்டார் என்ற வதந்தி 1983 கலவரத்தின்போது தமிழ்நாட்டில் பரவிற்று. பின்னர், கைபேசிகள் வந்த காலத்தில், அவர் மறைந்துவிட்டதாக மீண்டும் செய்தி பரவ, தாம் உயிரோடிருப்பதை அவரே காணொளியில் தோன்றிச் சொல்ல நேர்ந்தது. தமக்கு எழுதப்பட்ட அஞ்சலிகளைத் தாமே வாசிக்கும் விசித்திரப் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒருவரைக் குரலாக மட்டுமே அறிந்திருக்கிறபோது, அவர் இருப்பதற்கு அத்தாட்சி அந்தக் குரல் ஒன்றுதான். அது நாலு நாள் கேட்கவில்லையென்றால் மனம் மிக மோசமானதையே நினைக்கும். ராஜேஸ்வரி சண்முகம் 2012 மார்ச்சில் உண்மையாகவே மறைந்தபோது, முதலில் நம்பாமல், வதந்தியாயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டவர்களை நான் அறிவேன்.

இலங்கை வானொலியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது சென்னை நிலையத்துக்குச் செய்யும் அநீதியாகும். 1938 ஜூன் 16-ஆம் தேதி தொடங்கிய அந்த நிலையம் உற்சாகத்தைவிட நம்பிக்கையையே அதிகமாக வழங்கிற்று. மதுராந்தகத்து ஏரிப் பாசன விவசாயி வீட்டுத் திண்ணையில் ‘வீடும் வயலும்’ கேட்டுவிட்டு விதை வாங்கப் போனான். தஞ்சையில் வானொலியின் மூலம் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கியது. டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமியின் பெயர் கேட்டதும் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்ட வீடுகள் அநேகம். மும்பையில் 2022 ஆகஸ்ட் 13-ஆம் தேதி தமது 87-ஆவது வயதில் அவர் மறைந்தபோது, செங்கற்பட்டில் என் சிநேகிதர் ஒருவருடைய தாயார் கேட்ட கேள்வி: “அப்போ அதை யார் வாசிச்சா?” அவர் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. ஆயினும் அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. பெரியவர்கள் மறைந்தால் அதை வீட்டுக்குச் சொன்னது வானொலிதான். வழக்கமான பாட்டு நின்று வீணையோ ஷெனாயோ சோகமாக இழையத் தொடங்கியதுமே, பெயர் தெரியும் முன்னரே, அடுப்படியிலிருந்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார்கள். 1969 பிப்ரவரியில் அண்ணாவுக்கும் அப்படித்தான். ஊரார் சாவையெல்லாம் சொன்னவரின் சாவை யார் எந்த வாயால் சொல்வது என்பதுதான் அந்தக் கிழவியின் சங்கடம்.

இனி நேயர்கள் இவர்களை எவ்விதம் நினைவுகூர்கிறார்கள் என்று பார்த்தால், எழுத்தில் கிடைப்பது சொற்பம். பத்திரிகை அஞ்சலிகள் பிறந்த ஊர், வகித்த பதவி, பெற்ற பட்டம் ஆகியவற்றோடு திருப்தியடைந்து விடுகின்றன; குரல் எப்படியிருந்தது என்று ஒரு வாக்கியம் எழுத முயல்கிறவரைக் காண்பது அரிது. பி.பி.சி. தமிழோசைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவரான சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதி வைத்திருக்கும் பாஷையில், குரலை வர்ணிப்பதற்குக் கணீர், கம்பீரம், இனிமை என்ற மூன்று சொற்களுக்குமேல் நாம் புழங்காதிருப்பது வருத்தத்துக்குரியது. அந்தத் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பே 2017 ஏப்ரலோடு நின்றபோது, ஒரு மனிதருக்குச் செய்வதுபோலவே அதற்கும் துக்கம் காத்தார்கள்.

எழுதத் தெரியாத குறையை நேயர்கள் வேறு விதமாக நிவர்த்தி செய்துகொள்கிறார்கள்: பேசிக் காட்டுகிறார்கள். சிற்பி தென்கச்சியாரைப் பேசிக் காட்டியதும், மளிகைக் கடைக்காரர் மூச்சு வாங்காமல் ராஜாவைப் பேசிக் காட்டியதும், சிநேகிதரின் தாயார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சரோஜ் நாராயணசுவாமியின் பெயரை அவருடைய நிறுத்தத்தோடேயே சொன்னதும் பரிகாசமல்ல, பலகுரல் வித்தையுமல்ல. முகமறியாதவருக்கு முகமறியாதவர் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றே. வாய்க்கரிசி போட வாய்ப்பில்லாதவர்கள் தங்கள் வாயையே சற்று நேரம் இரவல் கொடுக்கிறார்கள்.

உண்மைக் குரலைச் சேர்த்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். ஒலிநாடா விலையுயர்ந்த சரக்காக இருந்த காலத்தில், ஒலித்து முடிந்ததை அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது வானொலி நிலையங்களில் சகஜமான வழக்கம். வீட்டிலே பதிந்தவர்களான நாங்களும் உத்தமர்களல்ல. எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டரில் சிலோன் பாட்டுக்களைப் பிடிக்கும் வேலை என்னுடையது. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் வாயெடுத்ததும் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட வேண்டும். நாடாவை வீணாக்கினால் அண்ணனிடம் அடி விழும். நானும் அதில் கெட்டிக்காரனாகவே இருந்தேன். சென்ற மாதம் பரணிலிருந்து அந்த நாடாக்களில் ஒன்றை எடுத்துக் கேட்டேன். பாட்டுக்கள் எல்லாம் இன்று எங்கும் கிடைப்பவை. ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும், என் விரல் பிந்திய அந்த ஒரு க்ஷணத்தில், யாரோ மூச்சை இழுப்பதும், ‘இ’ என்றோ ‘அ’ என்றோ ஓர் எழுத்து தொடங்குவதும் கேட்கின்றன; உடனே அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. யாருடைய எழுத்து அது என்று கண்டுபிடிக்க, நாடாவைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.