சமதளத்தின் அளவுகோலும் மலைச்சரிவின் உடலும்: ஆடலூரை முன்வைத்து மறுவாழ்வு மருத்துவ ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயன்முறை மருத்துவமும் மறுவாழ்வு மருத்துவமும் தம் சிகிச்சைகளின் பயனை அளவுகோல்களின் வழியாகவே நிறுவுகின்றன. அவ்வளவுகோல்களுள் பல, சமதளத் தரையையும் நாற்காலி சார்ந்த வாழ்வையும் இயல்பெனக் கொண்டு உருவானவை. பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் அமைந்த ஆடலூரைப் பின்புலமாகக் கொண்டு, அவை எவற்றை அளக்கின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பக்கவாத மறுவாழ்வு குறித்து இந்தியாவில் நடைபெற்ற அட்டெண்ட் ஆய்வு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

முக்கியச் சொற்கள்: மறுவாழ்வு மருத்துவம், இயன்முறை மருத்துவம், பக்கவாதம், அளவுகோல், ஆடலூர், பழனி மலை.

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தின் ஆடலூர், காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். இங்கே தோட்டம் என்பது பெரும்பாலும் சரிவு. வீட்டிலிருந்து தோட்டத்திற்குச் செல்வது இறக்கமாயின், திரும்புவது ஏற்றம். காப்பிப் பழம் பறிப்பவர் சரிவில் நின்றுகொண்டே கிளையை வளைக்கிறார். பறித்ததை மூட்டையாகத் தலையிலோ தோளிலோ சுமக்கிறார். மிளகுக் கொடியிலிருந்து காய் பறிக்க ஏணியில் ஏறுகிறார். இவ்வுடல் நோயுற்று மீளும்போது, அது எவ்வளவு மீண்டது என்பதை எதைக் கொண்டு அறிவது? இவ்வினாவிற்கு மருத்துவ ஆய்வுலகம் தரும் விடை, அளவுகோல்கள் என்பதாகும். அவ்விடையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்களின் தரை

மறுவாழ்வு மருத்துவத்தில் பெருவழக்காயுள்ள பார்த்தெல் குறியீட்டை 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மஹோனியும் பார்த்தெலும் வெளியிட்டனர். உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல் உள்ளிட்ட 10 செயல்களுக்குத் தனித்தனி மதிப்பெண் தந்து, மொத்தம் 100 எனக் கணக்கிடும் கருவி அது. அதில் நடை பற்றிய கூறு, சமதளத்தில் 50 கெஜம் நடப்பதை மட்டுமே கேட்கிறது. ஏற்றத்தைத் தொடும் கூறு மாடிப்படி ஒன்றே.

மாடிப்படியும் மலைச்சரிவும் ஒன்றல்ல. படியில் பாதம் கிடைமட்டத் தளத்தில் பதிகிறது, கைப்பிடி இருக்கக்கூடும். சரிவில் ஏறும்போதோ கணுக்கால் மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். பக்கவாதத்தால் பாதம் தொங்கியவருக்கும் கெண்டைத்தசை இறுகியவருக்கும் குறைந்துபோவது இந்த அசைவே. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் முழங்காலின் சுமை கூடுகிறது. ஆகவே பார்த்தெல் குறியீட்டில் 100 பெற்ற ஒருவர் தம் தோட்டத்திற்குச் சென்றுவர இயலாதவராக இருக்கலாம். இதில் முரண் ஏதுமில்லை. அக்குறியீடு கேட்காத ஒன்றை அவருடைய நிலம் கேட்கிறது.

இக்குறை பார்த்தெல் குறியீட்டிற்கு மட்டும் உரியதன்று. மூட்டுத் தேய்வுக்கான வோமாக் வினாநிரல் கனடாவில் உருவானது. அதன் 24 வினாக்களுள் காரில் ஏறி இறங்குதல், காலுறை அணிதல், குளியல் தொட்டியில் இறங்கி ஏறுதல் ஆகியவை இடம்பெறுகின்றன. குந்தி அமர்தலும் சம்மணமிடுதலும் மூல வடிவில் இல்லை. நாற்காலியில் அமர முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கினால் போதும். குந்தி அமர 120 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ மடங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாகைகளில்தான் அடுப்படி வேலையும் களையெடுப்பும் அடங்கியுள்ளன. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் நெறிப்படுத்திய ஆறு நிமிட நடைச் சோதனையும் 30 மீட்டர் நீளமுள்ள சமதள நடைகூடத்தையே வேண்டுகிறது.

அட்டெண்ட் ஆய்வும் அதன் முடிவும்

தரை பற்றிய இக்கேள்வி ஓர் ஆய்வு முடிவை எவ்வாறு தொடுகிறது என்பதற்கு அட்டெண்ட் ஆய்வு தக்க சான்று. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் போதாத நாட்டில், குடும்பத்தினரையே பயிற்றுவித்தால் பக்கவாத நோயாளிகள் பயன்பெறுவரா என்பதை அது சோதித்தது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சையுடன், குடும்ப உறுப்பினர் வழியான பயிற்சி மருத்துவமனையிலேயே தொடங்கி வீட்டில் இரு மாதங்கள் வரை தொடர்ந்தது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. ஆறு மாத முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் இரு பிரிவுகளிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். குடும்பவழிப் பயிற்சி கூடுதல் பயன் தரவில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இம்முடிவின் நேர்மையைப் போற்ற வேண்டும். நல்லெண்ணம் மட்டுமே சிகிச்சையாகிவிடாது என்பதை அது உணர்த்தியது. ஆயினும் ‘சார்ந்திருத்தல்’ என்னும் சொல் அங்கு எப்பொருளில் ஆளப்பட்டது என்பதை நோக்குதல் தகும். திருத்தப்பட்ட ராங்கின் அளவுகோலில் 3 முதல் 6 வரையிலான நிலைகள் சார்புநிலையாகவோ இறப்பாகவோ கொள்ளப்பட்டன. 0 முதல் 2 வரை நல்விளைவு. இரண்டாம் நிலையின் வரையறை யாது? முன்பு செய்த எல்லாச் செயல்களையும் செய்ய இயலாது. ஆனால் தம் காரியங்களைப் பிறர் உதவியின்றிப் பார்த்துக்கொள்ள இயலும். சரிவில் ஏற முடியாமல் வீட்டளவில் நின்றுவிட்ட ஒரு தோட்டத் தொழிலாளி இந்நிலைக்குள் அடங்குவார். கணக்கேட்டில் அவர் நல்விளைவு. அவருடைய வீட்டிலோ ஒரு கூலி நின்றுபோயிருக்கிறது.

மற்றொரு சிக்கலும் உண்டு. உதவி தேவைப்படுவதும் உதவி கிடைப்பதும் வேறு வேறு. தகப்பனார்க்கு மகள் சோறு பிசைந்து கொடுப்பதும், மாமியாரை மருமகள் குளிப்பாட்டுவதும் சில வேளை இயலாமையைக் காட்டுகின்றன. சில வேளை மரியாதையையும் பரிவையும் மட்டுமே காட்டுகின்றன. உதவியைக் கொண்டு இயலாமையை அளக்கும் கருவி, நெருங்கி வாழும் குடும்பங்களில் இவ்விரண்டையும் பிரித்தறிய இடர்ப்படும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்று. அட்டெண்ட் ஆய்வின் பயிற்சி, நோயாளியும் குடும்பமும் கூடி இலக்கு வகுத்தலைத் தன் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. அதாவது, ஒவ்வொருவருக்கும் அவரவர் இலக்கு. ஆனால் முதன்மை முடிவு எல்லார்க்கும் ஒரே ஏழுநிலை அளவுகோலால் அளக்கப்பட்டது. வகுத்த இலக்கு எட்டப்பட்டதா என்பது முதன்மை வினாவாகவில்லை.

வலியின் சொற்கள்

தரையைப் போலவே மொழியும் அளவுகோலுக்குள் மறைந்துள்ளது. 1975இல் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி வலியின் தன்மையை அறிய முயன்றது. தமிழும் இவ்வகையில் வளமுடையது. உழைத்த காலில் கடுப்பு, எலும்பினுள் குடைச்சல், விலாவில் குத்தல், இடுப்பில் பிடிப்பு, தோளில் உளைச்சல், பாதத்தில் மரப்பும் எரிச்சலும், கட்டியில் விண்விண்ணெனத் தெறித்தல் எனத் தமிழர் பகுத்தே பேசுகின்றனர். இப்பகுப்பு வெறும் சொல்லழகன்று. எரிச்சல், மரப்பு என்பவை நரம்பு சார்ந்த வலியை ஐயுறச் செய்யும். கடுப்பு தசையின் களைப்பைச் சுட்டும். இவை யாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் அடக்கி, பூச்சியம் முதல் 10 வரை எண் கேட்கும் படிவம், நோயாளி தந்த தகவலில் ஒரு பகுதியை வாசலிலேயே இழந்துவிடுகிறது. வினாநிரலைத் தமிழாக்கும்போது மூலச்சொல்லுக்கு நிகர்ச்சொல் தேடுவதோடு அமையாது, அவ்வட்டாரத்தார் அவ்வுணர்வை எச்சொல்லால் வழங்குகின்றனர் என்பதும் கேட்கப்பட வேண்டும். இப்பணியில் தமிழாய்வாளர்க்கும் இடமுண்டு.

எதிர்வாதங்கள்

மேற்கூறியவற்றிற்கு மூன்று மறுப்புகள் எழலாம். ஒன்று, ஊருக்கோர் அளவுகோல் எனில் ஆய்வுகளை ஒப்பிட இயலாது. இது வலுவான மறுப்பு. அளவுகோல்களை நீக்குவது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. அவற்றுடன் இடம் சார்ந்த கூறுகளைச் சேர்ப்பதே கோரிக்கை. இரண்டு, விரிவான கருவிகள் ஏற்கெனவே உள்ளன. உண்மையே. நாட்டிங்காம் விரிவாக்கப்பட்ட அன்றாடச் செயல் அளவுகோலில் மேடுபள்ளமான தரையில் நடப்பது பற்றிய வினா உண்டு. ஆனால் அது 22 வினாக்களுள் ஒன்று. ஆடலூரில் அதுவே பிற செயல்கள் பலவற்றிற்கும் வாயில்.

மூன்றாவது மறுப்பே கடினமானது. அளவுகோல் மழுங்கியது என்றாலும் இரு பிரிவினரையும் அதுவே அளந்தது. ஆகவே வேறு கருவி கொண்டு அளந்திருந்தால் பயன் வெளிப்பட்டிருக்கும் என்று கூறுவதற்குச் சான்றில்லை. இதனை முழுமையாக ஏற்க வேண்டும். மழுங்கிய கருவி வேறுபாட்டை மறைக்கக்கூடும். வேறுபாடு இருந்தது என்று அதனால் நிறுவப்படாது. அட்டெண்ட் ஆய்வின் முடிவைப் புரட்டுவதற்கு இத்திறனாய்வு பயன்படாது. அடுத்த ஆய்வு எதைக் கேட்க வேண்டும் என்பதற்கே இது பயன்படும்.

செய்யத்தக்கவை

இடத்தை உணர்ந்த மருத்துவம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், குந்துவதற்கும் வெறுங்காலுடன் வயலில் நடப்பதற்கும் ஏற்ப வடிவம் பெற்றது. செயற்கைக் காலுக்கு இயன்றது அளவுகோலுக்கும் இயலும்.

கோட்பாட்டு அடிப்படையும் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற செயற்பாடு, இயலாமை, உடல்நலம் பற்றிய வகைப்பாடு, சீரான சூழலில் ஒருவரால் செய்யக்கூடியதையும் தம் சொந்தச் சூழலில் அவர் உண்மையில் செய்வதையும் வேறுபடுத்துகிறது. மருத்துவமனை நடைகூடம் முதலாவதை அறியும். தோட்டத்துப் பாதைதான் இரண்டாவதை அறியும். 1968இல் கிரெசுக்கும் ஷெர்மனும் முன்வைத்த இலக்கு அடைவு அளவிடல், அவரவர் இலக்கை –2 முதல் +2 வரை மதிப்பிட வழிசெய்கிறது.

களமும் ஆயத்தமாக உள்ளது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வரும் இயன்முறை மருத்துவமும் ஓர் அங்கம். வீட்டிற்கு வரும் சிகிச்சையாளர் அவ்வீட்டின் சரிவையும் நேரில் காண்கிறார். வீட்டிலிருந்து சாலைக்கு ஏற்றமா இறக்கமா, குந்தி எழ முடிகிறதா, சுமையுடன் இறங்க முடிகிறதா, முன்பு செய்த வேலைக்குத் திரும்பினாரா என்னும் நான்கு வினாக்களைப் பதிவேட்டில் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அவை நம்பகமானவையா என்பதை இரு சிகிச்சையாளர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடும் முறையால் சோதிக்கலாம். அச்சோதனைக்குப் பின்னரே அவை ஆய்வுக்கருவியாகும் தகுதி பெறும்.

முடிவுரை

அளவுகோல் எதுவும் தான் பிறந்த தரையை உடன்கொண்டே வருகிறது. அதைக் குற்றமெனக் கூற வேண்டியதில்லை; ஆனால் மறந்துவிடலாகாது. மருத்துவமனையிலிருந்து ஆடலூருக்குத் திரும்பும் ஒருவரிடம் ‘நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள்’ என்று மருத்துவம் சொல்லும்போது, எந்தத் தரையில் என்பதையும் சேர்த்துச் சொல்ல அது கடமைப்பட்டுள்ளது. சமதளத்தில் என்பது மட்டுமே விடையாயின், அவருக்கான மறுவாழ்வுப் பணி இன்னும் முடியவில்லை.