ரெப்பேயின் காரியஸ்தர்கள்

ஹசிதியம் யூதர்களின் பக்தி இயக்கம், ரெப்பே என்பவர் அவர்களுடைய சித்தர்: இப்படி ஒரு பேச்சு நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் சில காலமாகச் சுற்றி வருகிறது. படித்த ரபிகளின் செருக்கைப் பாமரர்களின் பாட்டும் ஆட்டமும் தோற்கடித்தனவாம். பிறகு வாரிசும் பணமும் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டனவாம். ஹசிதியக் கதைகளைத் தொகுத்த தத்துவவாதி மார்ட்டின் பூபரைப் படித்து, அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டவர்களின் ஹசிதியம் இது. 2020இல் 'அன்ஆர்த்தடாக்ஸ்' தொடரைப் பார்த்தவர்களோ ரெப்பே என்றாலே கொடுங்கோலன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரு தரப்புக்கும் ரெப்பே ஒற்றை ஆள்தான். அவர் அறை வாசலில் நின்று, யாரை எப்போது உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் கப்பாய், அதாவது காரியஸ்தர், இருவர் கண்ணிலும் படுவதில்லை.

பழைய வரலாறு தெரிந்ததுதான். இயக்கத்தின் மூலவராகக் கருதப்படும் பால் ஷெம் தோவ் 1760இல் மறைந்தார். 1772இல் வில்னாவில் ஹசிதியர்களுக்குத் தடை, அதே ஆண்டில் அவருக்கு அடுத்த ஆசானாகச் சொல்லப்படும் மெஸ்ரிச் மகித்தின் மரணம். 1788இல் 'நோவாம் எலிமெலெக்' அச்சாகி, சாதிக் எனப்படும் புனிதரை விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவில் நிறுத்தியது. ருஷினின் இஸ்ரேல் என்ற ரெப்பே அரசனைப் போல வாழ்ந்து ஜாரின் சிறையையும் பார்த்தார். 1810இல் பிரஸ்லாவின் நாக்மன் இறந்தபின் அவருடைய சீடர்கள் வேறு ரெப்பேயை ஏற்கவே இல்லை. இன்றும் உமானில் உள்ள கல்லறைக்குத்தான் போகிறார்கள். இத்திஷ் எழுத்தாளர் ஐசக் பாஷெவிஸ் சிங்கர் வழியாக இந்த உலகத்தின் தெருவும் மணமும் நமக்கு ஓரளவு பழக்கம்.

இதை வரலாறாக எழுதியவர்களிடம்தான் கோளாறு தொடங்குகிறது. சைமன் டுப்னோவ் பகுத்தறிவாளர். ரெப்பேகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆரம்பம் படைப்பெழுச்சி, பின்னால் வந்த சாதிக் வழிபாடு சீரழிவு என்று ஒரு கோடு போட்டார். பூபருக்கு டுப்னோவின் வறட்சி பிடிக்கவில்லை, ஆனால் அந்தக் கோட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் 1961இல் பூபரைக் கிழித்துப் போட்டார்: கதைகளைப் பிடித்துக்கொண்டு கோட்பாட்டு நூல்களைக் கைவிட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனால் ஷோலெமுக்கும் கருத்துகள் மட்டுமே கண்ணில் பட்டன. ரெப்பே வீட்டுச் சமையலறைக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று அந்த மேதை கேட்கவில்லை.

திருப்பம் லண்டனில் நடந்தது. ஷோலெமின் மாணவர் ஜோசப் வைஸ் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கற்பித்து 1969இல் மறைந்தார். அவரிடம் படித்தவர் ஏடா ராப்போபோர்ட்-ஆல்பர்ட். டெல் அவீவில் 1945இல் பிறந்தவர், லண்டனில் பாடம் நடத்தியவர், 2020இல் காலமானவர். அடிக்குறிப்பு அடர்ந்த, சிரிப்பைக் காட்டிக்கொள்ளாத, தயவே இல்லாத உரைநடை அவருடையது. இத்துறையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அவரைத்தான்.

1979இல் வந்த அவருடைய கட்டுரை ஒன்று டுப்னோவும் பூபரும் போட்ட கோட்டை அழித்தது. கடவுளோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் நிலை எல்லோருக்கும் திறந்திருந்தது என்பதுதான் ஜனரஞ்சகக் கதையின் உயிர்நாடி. ஆரம்பகால ஆசான்களின் உபதேசங்களையே பிரித்துவைத்து அவர் காட்டியது வேறு: அந்த நிலை தொடக்கத்திலிருந்தே ஒரு சிலருக்கு உரியது. மற்றவர்கள் சாதிக்கோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவரைத் தாங்க வேண்டும். அவர் பதிலுக்கு அவர்களுடைய பிள்ளைப்பேறு, ஆயுள், பிழைப்பு ஆகியவற்றுக்காக மேலே பரிந்து பேசுவார். பின்னால் கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் ஏற்பாடு பிறக்கும்போதே கூட இருந்தது.

இயக்கத்துக்கு ஒற்றைத் தலைவர் எப்போதுமே இருந்ததில்லை என்பது அவருடைய இன்னொரு வாதம். வைஸ் நினைவாக 1988இல் லண்டனில் நடந்த கருத்தரங்கின் கட்டுரைகளை 1996இல் அவரே தொகுத்தார். இந்த வாதம் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. பால் ஷெம் தோவ் முதல் பீடாதிபதி, மகித் இரண்டாமவர், 1772க்குப் பிறகு பிளவு என்ற வம்சாவளி பிற்காலத்தார் செய்த ஒப்பனை. பல வட்டங்கள் அருகருகே இயங்குவதுதான் இவர்களுடைய இயல்பு. 2006இல் அப்படியொரு வட்டமான சாத்மார் அவையின் ரெப்பே மோஷே டைட்டல்பாம் மறைந்தபின் இரு மகன்களும் ஆளுக்கொரு சாத்மார் ரெப்பேயாகி, சொத்துக்காக நியூயார்க் நீதிமன்றம் வரை போன கதையைச் சீரழிவு என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் இதைப் படிக்கலாம். நமக்கு ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் சிவவாக்கியரை விட்டுவிட்டுத் திருவாவடுதுறைக்குப் போவோம். நிலம், கட்டளை, தம்பிரான்கள், வழக்கு எல்லாம் அங்கே உண்டு. என்ன, ஆதீனத்தில் பட்டத்துக்கு வருபவர் துறவி, இங்கே பெரும்பாலும் மகனோ மருமகனோ.

ராப்போபோர்ட்-ஆல்பர்ட் வேலை பார்த்த லண்டன் கோவர் தெருவிலிருந்து வடக்கே சில மைல் போனால் ஸ்டாம்ஃபோர்ட் ஹில். ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹசிதியக் குடியிருப்பு இது. பெல்ஸ், சாத்மார், போபோவ், விஷ்னிட்ஸ் என்று எல்லா அவைகளும் இங்கே உண்டு. எகர்டன் சாலையில் 1915இல் ஆங்கிலேய யூதர்கள் கட்டிய ஆடம்பரமான ஜெபாலயம் இப்போது போபோவ் கையில். ஆனால் இந்தப் பெரிய அவைகளின் ரெப்பேகள் யாரும் லண்டனில் இல்லை; இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார்கள். லண்டனில் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்லும் ரபிகளும், பள்ளி நிர்வாகிகளும், காரியஸ்தர்களும். கலீசியாவில் 1908இல் பிறந்த ஹனோக் டோவ் பட்வா 1955 முதல் 2000இல் மறையும் வரை இங்கே தீவிர வைதிகச் சபைகளின் தலைமை ரபியாக இருந்தார். அவர் ரெப்பே அல்லர். என்றாலும் எந்த இறைச்சி ஆகும், எந்தத் திருமணம் செல்லும் என்பதற்கு அவர் சொல்தான் முடிவு. லுபாவிச் அவையின் ரெப்பே 1959இல் நாக்மன் சூடாக்கைத் தம் தூதராக லண்டனுக்கு அனுப்பினார். ரெப்பே 1994இல் வாரிசின்றி இறந்தார், சூடாக்கோ 2014 வரை வேலையைத் தொடர்ந்தார். அனுப்பியவர் போன பிறகும் நகரும் இந்த இயந்திரத்தை எந்தப் புனிதர் கதை விளக்கும்?

லண்டனிலேயே வாழ்ந்து லண்டனிலேயே அடங்கிய ஒரு ரெப்பேயை ஆய்வாளர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புக்கோவினாவின் ஷாட்ஸ் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஷாலோம் மாஸ்கோவிட்ஸ், 1958 ஜனவரியில் மறைந்தவர். பெரிய அவையோ மாளிகையோ அவர் பெயரில் இல்லை. என்ஃபீல்டில் ஒரு கல்லறை இருக்கிறது, ஓர் உயிலும் இருக்கிறது. குறை உள்ளவர்கள், கூடுமானால் வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன், கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, தாயின் பெயரோடு தங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளலாம், தாம் மேலே பரிந்துரைப்பதாக அதில் எழுதினார். ஆனால் நிபந்தனை உண்டு: வந்தவர் சமய ஒழுக்கத்தில் ஏதாவது ஒன்றில் தன்னைத் திருத்திக்கொள்வதாக ஏற்க வேண்டும்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியவர்களுக்கு இந்த நடைமுறை புதிதாகத் தோன்றாது. ரெப்பேயிடம் கொடுக்கும் க்விட்டல் என்ற சீட்டும் தாயின் பெயரோடுதான் எழுதப்படும், காணிக்கையோடுதான் உள்ளே போகும். ஷாட்ஸ் ரெப்பே செய்த மாற்றம் நுட்பமானது. காரியஸ்தரின் வேலையை அவர் உயிலிடமே ஒப்படைத்தார். வரவேண்டிய நேரம் அதில் இருக்கிறது, முறை இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது, அது பணமாக இல்லை என்பதைத் தவிர. பூபரின் தொகுப்புகளில் இந்த மாதிரி ஆளுக்கு இடம் கிடையாது. அற்புதத்துக்கு முன்னால் விதிமுறை எழுதிவைப்பவரை வைத்துக் கவித்துவமான நீதிக்கதை எழுத முடியாதே.

2018இல் மார்சின் வோட்ஜின்ஸ்கி வெளியிட்ட ஹசிதிய வரலாற்று நிலவரைபடத் தொகுதி, எந்த அவைக்கு எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்கச் சொல்கிறது. சரியான திசை இது. ஆனால் வரைபடம் போதாது; ஒரு முடிவு எங்கே பிறக்கிறது என்பதை அது காட்டாது. 2015 மே மாதம் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லின் பெல்ஸ் பள்ளிகள், தாய்மார் கார் ஓட்டிக் கொண்டுவந்து விடும் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று கடிதம் அனுப்பின. கல்வி அமைச்சர் நிக்கி மார்கன் கண்டித்தார், பத்திரிகைகள் ஜெருசலேமில் உள்ள பெல்ஸ் ரெப்பேயின் கட்டளை என்று கொட்டை எழுத்தில் போட்டன. கடிதத்தை நிதானமாகப் படித்தால் ரெப்பேயின் ஆலோசனை அதில் ஒரு வரிதான். தாய்மார்கள் கார் ஓட்டுவதால் மற்றப் பெற்றோர்களிடம் மனக்கசப்பு என்று தொடங்கி, நிர்வாகம் எழுதி, உள்ளூர் ரபிகள் ஆமோதித்த தாள் அது. தலைமை கீழிருந்து மேலே ஏறி, மேலிருந்து முத்திரை வாங்கி இறங்கியிருக்கிறது.

சில நாளில் நெஷெய் பெல்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அந்த வாழ்க்கை முறையை ஆதரித்து அறிக்கை விட்டது. ஹசிதியம் பெண்ணுக்குச் சம இடம் தந்தது என்று ஹோரோடெட்ஸ்கி என்ற வரலாற்றாசிரியர் ஒரு காலத்தில் எழுதினார், ரெப்பேயைப் போல இயங்கிய லுட்மிரின் கன்னி என்ற பெண்ணைச் சான்றாகக் காட்டினார். திருமணத்துக்கு நெருக்கப்பட்டு ஓரங்கட்டப்பட்டவளின் கதையைச் சமத்துவம் என்பதா என்று ராப்போபோர்ட்-ஆல்பர்ட் அதைப் பிய்த்து எறிந்தார். இந்த அறிக்கை ஹோரோடெட்ஸ்கி கையில் கிடைத்திருந்தால் இன்னொரு சான்றாக்கியிருப்பார். தொடர் எடுப்பவர்கள் மிரட்டி வாங்கியது என்பார்கள். ராப்போபோர்ட்-ஆல்பர்ட்டாக இருந்தால் அதன் முதல் வரைவையும், அதை எழுத உட்கார்ந்தவர்கள் யார் யார் என்பதையும் கேட்டிருப்பார்.